லாஸ் வேகஸ் போகும் வழியில் பார்ஸ்டோவில் பத்து நிமிடம் நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு

அன்புடையீர்,

உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். ஏழு பேர் உட்காரும் வண்டி. நடு இருக்கையில் ஆறு மாதத் தங்கலுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர். டிக்கியில், ஓட்டல் அறையில் ரகசியமாகச் சோறு வைக்க ஒரு குட்டி ரைஸ் குக்கர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து கஹோன் கணவாய் ஏறி, மொஹாவி பாலைவனத்தில் பார்ஸ்டோ வந்ததும் நிறுத்துகிறீர்கள். வேகஸுக்கு ஏறக்குறையப் பாதி வழி. கழிப்பறை வரிசை, பெட்ரோல், காப்பி, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல். பத்து நிமிடம், கூட்டமென்றால் இருபது. மறுபடியும் ஐ-15 நெடுஞ்சாலை. "என்ன ஊர் இது, ஒன்றுமே இல்லையே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் வண்டி கிளம்பியதே இல்லை. பதினோரு வருடம் எங்கள் வண்டியில் அதைச் சொன்னவள் நான்தான்.

அந்த ஊரில் ரயில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. உங்களிடம் நான் கேட்பது இரண்டு மணி நேரம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிழக்கு மெயின் தெருவில் 'பார்ஸ்டோ ஸ்டேஷன்' என்று பெயர் வைத்த கடை வளாகம் ஒன்று உண்டு. பழைய ரயில் பெட்டிகளுக்குள் மேசை போட்ட மெக்டொனால்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஸ்டேஷன் இல்லை. "பார்ஸ்டோ ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறோமே, போட்டோகூட இருக்கிறதே" என்று என்னிடம் சொன்னவர்கள் அத்தனை பேரும் போனது அந்த மெக்டொனால்ட்ஸுக்குத்தான். நிஜமான ஸ்டேஷனுக்கு, மெயின் தெருவிலேயே மேற்கே வந்து, முதலாம் அவென்யூவில் வடக்கே திரும்பி, தண்டவாளங்களுக்கு மேலே போகும் பாலத்தைக் கடந்து இறங்க வேண்டும். பாலத்தில் போகும்போதே பின்னால் இருப்பவர்கள் "அடேயப்பா" என்பார்கள். அத்தனை தண்டவாளம்.

எனக்கு இந்த வழி தெரியவந்தது என் அப்பாவால். விழுப்புரத்தில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் வந்திருந்தார். அமெரிக்காவில் அவரைக் கவர்ந்த பொருள் எதுவும் அதுவரை இல்லை. வேகஸ் என்றதும், "அங்கே எனக்கு என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தவர், 'பார்ஸ்டோ ஸ்டேஷன்' என்ற பலகையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்கிப் போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பர்கர் தின்றுகொண்டிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்து, "வண்டி எங்கே?" என்றார்.

அப்போதுதான் தூரத்தில் ஹாரன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். லெவல் கிராசிங்கை நெருங்கும்போது இந்த நாடு முழுவதும் அப்படித்தான் ஊத வேண்டும் என்பது விதி. அது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிட்டார். அவரைப் பிடித்துக் காரில் ஏற்றி, சத்தம் வந்த பக்கம் தேடிப் போனோம்.

காசா டெல் டெசியர்டோ என்பது அந்தக் கட்டடத்தின் பெயர். ஸ்பானிய மொழியில் பாலைவன வீடு. முன்பு அங்கே இருந்த ஸ்டேஷன் 1908இல் எரிந்துபோக, 1911இல் இதைத் திறந்தார்கள். வரிசையாக வளைவுகள், தூண்கள், நீண்ட தாழ்வாரம். சுற்றிலும் மொட்டைக் குன்றுகளும் கானலும் இருக்க, நடுவில் இப்படி ஒரு மாளிகையை யாருக்காகக் கட்டினார்கள் என்று தோன்றும். சாப்பிட வருபவர்களுக்காகத்தான் கட்டினார்கள். ஃப்ரெட் ஹார்வி என்ற ஆங்கிலேயர் 1876இல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா ஸ்டேஷனில் சாப்பாட்டுக் கடை தொடங்கி, பிறகு சான்டா ஃபே ரயில் பாதை நெடுகிலும் அதைப் பரப்பினார். ரயிலிலேயே சாப்பாட்டுப் பெட்டி பரவலாவதற்கு முந்தைய காலம். வண்டி அரை மணி நேரம் நிற்கும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே தந்தி போய்விடும். கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த இளம்பெண்கள் தயாராக நிற்பார்கள். ஒருத்தி யாருக்கு என்ன பானம் என்று கேட்டு, கோப்பையை ஒரு தினுசாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். பின்னால் வருபவள் கோப்பை இருக்கும் நிலையைப் பார்த்தே காப்பியா, தேநீரா, பாலா என்று தெரிந்துகொண்டு ஊற்றுவாள். பயணிக்கு அது மாயம். தந்தி விஷயத்தைக் கேட்டதும் அப்பா, "நம் ஊரிலும் அப்படித்தானே, சாப்பாட்டுக்கு எண்ணிக்கை எடுத்து அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குத் தந்தி போகும்" என்றார்.

ஆக, பார்ஸ்டோவில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுவது நீங்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஆனால் அவர்களுக்குக்கூட அரை மணி நேரம் கிடைத்தது.

பயணிகள் ரயிலை விட்டுக் காருக்கும் விமானத்துக்கும் போனதும் அந்த உணவகம் மூடப்பட்டு, கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. 1992இல் லாண்டர்ஸ் நிலநடுக்கம் அதை மேலும் உலுக்கியது. நகரசபை அதை இடிக்காமல் விட்டது மட்டுமல்ல, சீர்செய்து 1999இல் மறுபடி திறந்தது. அதற்காக அந்தச் சின்ன ஊரை நான் மதிக்கிறேன். இப்போது உள்ளே இரண்டு அருங்காட்சியகங்கள்: ஒன்று ரயிலுக்கு, மற்றது பழைய 66ஆம் எண் சாலைக்கு. வாரத்தில் சில நாள்தான் திறந்திருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தாலும் கவலையில்லை. பார்க்க வேண்டியது வெளியேதான் ஓடுகிறது.

ஊரே ரயிலுக்குப் பிறந்தது. முதலில் இதன் பெயர் வாட்டர்மன் ஜங்ஷன். 1886இல் சான்டா ஃபே கம்பெனியின் தலைவர் வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங் என்பவரின் நடுப்பெயரை வைத்தார்கள். கடைசிப் பெயரைக் கான்சஸில் ஒரு ஊர் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது, ஸ்ட்ராங் சிட்டி என்று. ஜங்ஷன் என்ற சொல் பெயரிலிருந்து போனாலும் ஊர் இன்றும் ஜங்ஷன்தான். மேற்கே ஒரு பாதை கஹோன் கணவாய் இறங்கி லாஸ் ஏஞ்சலஸ் போகிறது. இன்னொன்று மொஹாவி என்ற ஊர் வழியாக தெஹாச்சப்பி மலை தாண்டி பேக்கர்ஸ்ஃபீல்ட் போகிறது. கிழக்கே போவது நீடில்ஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ என்று நீண்டு சிகாகோவில் முடிகிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,200 மைல். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கி ரயிலேறும் கன்டெய்னர் பெட்டகங்களில் பெரும் பங்கு இந்த வழியாகத்தான் நாட்டுக்குள் போகிறது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ பிள்ளையின் சைக்கிளோ ஆசியாவிலிருந்து கப்பலில் வந்து, இந்தத் தாழ்வாரத்துக்கு முன்னால் ஓடி, சிகாகோவில் ஒரு கிடங்கைத் தொட்டிருக்கக்கூடும்.

ஆரஞ்சு நிற எஞ்சின்கள் பிஎன்எஸ்எஃப் கம்பெனியுடையவை. 1995இல் சான்டா ஃபேயும் பர்லிங்டன் நார்தர்னும் இணைந்து உருவானது அது. மஞ்சள் எஞ்சின்கள் யூனியன் பசிபிக். பாதை போட்டியாளருடையது, வாடகை கொடுத்து இதே தண்டவாளத்தில் ஓடி, கிழக்கே டாகெட் தாண்டியதும் பிரிந்து வேகஸ் பக்கம் போய்விடும். ஒரே கதவு வழியாக வந்து போகும் பங்காளிகளைப் போல.

அன்றைக்கு நாங்கள் போய் உட்கார்ந்து கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. என் மகன் அலுத்துக்கொண்டான். கூட்ஸ் வண்டிக்கு அட்டவணை கிடையாது; சில நேரம் அடுத்தடுத்து மூன்று வரும், சில நேரம் ஒரு மணி நேரம் தண்டவாளம் சும்மா வெயில் காயும். பிறகு மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி. பாலைவனத்தில் தூரம் ஏமாற்றும். புள்ளி அப்படியே நிற்பதுபோல இருந்தது. நின்று, நின்று, திடீரென்று முன்னால் இருந்தது. நான்கு எஞ்சின்கள். பின்னால் பெட்டகத்தின் மேல் பெட்டகம், இரண்டு அடுக்கு. அப்பா தென்னக ரயில்வேயில் அடுக்கிப் பார்த்தவரில்லை. எழுந்து நின்று எண்ணத் தொடங்கினார். நடுவில் ஒரு இடத்தில் ஆளில்லாத எஞ்சின்கள் இரண்டு வந்தன. "இதை யார் ஓட்டுவது?" என்றார். முன்னால் இருக்கும் டிரைவரே ரேடியோவில் ஓட்டுகிறார் என்று பக்கத்தில் கேமராவோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொன்னார். அந்தப் பெரியவர் கைவானொலியில் ரயில்வே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதையோரத்தில் ஆங்காங்கே சூடேறிய அச்சையும் தொங்கும் பாகத்தையும் கண்டறியும் கருவிகளை வைத்திருக்கிறார்கள்; வண்டி கடந்து முடிந்ததும் அது மனிதக் குரலில் "குறையில்லை" என்று சொல்லி, அச்சுகளின் எண்ணிக்கையையும் சொல்லும். அதைக் கேட்டால் வருவது எத்தனை பெரிய வண்டி என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அப்பா காத்திருந்தது கடைசிப் பெட்டிக்கு. அவருடைய பெட்டி. அது வரவே இல்லை. கடைசிப் பெட்டகத்தின் கொக்கியில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது, சிவப்பு விளக்கு மினுக்கியபடி. அவ்வளவுதான், வண்டி முடிந்தது. பிரேக் குழாயின் கடைசியில் காற்றழுத்தம் எவ்வளவு என்று எஞ்சினுக்கு ரேடியோவில் சொல்வதுதான் அதன் வேலை. கார்டு பெட்டியை இங்கே 1980களிலேயே கழற்றிவிடத் தொடங்கிவிட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அருங்காட்சியகத்து முற்றத்தில் பழைய கார்டு பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வந்து, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் ஆளைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள்" என்றார். இந்தியாவில் 2022இல் கார்டு என்ற பதவிப் பெயரை மாற்றி ரயில் மேலாளர் ஆக்கியதை அன்றுவரை அவர் மன்னிக்கவில்லை. அன்று சாயங்காலம், "மேலாளர் என்றாவது ஒரு ஆள் இருக்கிறானே" என்று சமாதானமானார்.

அடுத்த வண்டிக்கு அவர் தாழ்வாரத்தில் நேராக நின்று கையை உயர்த்திக் காட்டினார். கடந்து போகும் வண்டியைப் பார்த்துக் குறையில்லை என்று சொல்லும் பழைய பழக்கம். எஞ்சின் ஜன்னலிலிருந்து ஒரு கை பதிலுக்கு உயர்ந்தது. வேகஸ் அறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொன்று. என் கணவர் நீரூற்று ஆட்டத்துக்கு நேரம் பார்த்து வைத்திருந்தார். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இதற்குப் பிறகு நாங்கள் எட்டு முறை போய்விட்டோம். கண்ணுக்கு மட்டும் இல்லை, காதுக்கும் வேலை உண்டு. ஸ்டேஷனுக்கு மேற்கே பெரிய யார்டு ஒன்று இருக்கிறது, 1976இல் திறந்தது, பிரிக்கும் தடங்கள் மட்டும் 48. கலந்து வந்த பெட்டிகளை ஒரு செயற்கை மேட்டில் தள்ளி ஏற்றி, உச்சியில் கொக்கியைக் கழற்றிவிடுவார்கள். பெட்டி தன் கனத்தில் தானே உருண்டு, தனக்கான தடத்துக்குப் போய்ச் சேரும். வேகம் மிஞ்சாமல் இருக்கச் சக்கரத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் உண்டு. அந்தக் கிறீச்சொலியை முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ விபத்து என்று நினைப்பார்கள். யார்டுக்குள் போக முடியாது, போகவும் கூடாது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஸ்டேஷன் வரை கேட்கும். இன்னொன்றும் கண்ணில் படலாம்: தட்டையான பெட்டிகளில் வரிசையாகப் பீரங்கி வண்டிகள். வடக்கே ஃபோர்ட் இர்வின் ராணுவப் பயிற்சிக் களம் இருக்கிறது. பையன்கள் உள்ள வீட்டில் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நீராவி எஞ்சின் குடித்துக்கொண்டே இருக்கும். மொஹாவியில் தண்ணீர் எங்கே? டாங்கி வண்டிகளில் தண்ணீரை ரயிலிலேயே கொண்டுவந்து ரயிலுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் 1940களின் தொடக்கத்தில் டீசல் எஞ்சின்கள் வந்ததும் சான்டா ஃபே முந்திக்கொண்டு வாங்கி, இந்தப் பாலைவனப் பகுதியில் ஓட்டியது. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டாம்.

பாலை என்றால் நம் இலக்கணத்தில் பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் நிலம். பார்ஸ்டோவில் எஞ்சின் ஆட்கள் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார், ஒருவர் ஏறுவார். இறங்கியவர் வீடு நீடில்ஸிலோ வேறெங்கோ இருக்கும். நடு இருக்கையில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கும் இந்தத் திணை புதிதில்லை.

ஏன் இப்போது அவசரமாக எழுதுகிறேன் என்றால், பார்ஸ்டோவை நீங்கள் மொத்தமாகத் தாண்டிப் போகும் நாள் வரப்போகிறது. 1997 வரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பார்ஸ்டோ வழியாக வேகஸுக்கு டெசர்ட் விண்ட் என்ற ரயில் ஓடியது. நிறுத்திவிட்டார்கள். இப்போது நான் குடியிருக்கும் ரஞ்சோ குக்கமோங்காவிலிருந்து வேகஸுக்கு, ஐ-15இன் நடுவிலேயே, பிரைட்லைன் வெஸ்ட் என்ற அதிவேக ரயிலுக்கு 2024 ஏப்ரலில் வேலை தொடங்கியிருக்கிறார்கள். 218 மைல். அந்தத் திட்டத்தில் ஹெஸ்பீரியாவிலும் விக்டர் பள்ளத்தாக்கிலும் ஸ்டேஷன் உண்டு, பார்ஸ்டோவில் இல்லை. ரயிலால் பிறந்த ஊரை ரயில் நிற்காமல் கடக்கும். மறுபக்கம், பிஎன்எஸ்எஃப் 2022இல் இங்கே 4,500 ஏக்கரில், 150 கோடி டாலர் செலவில் பெரிய பெட்டக முனையம் அமைப்பதாக அறிவித்திருக்கிறது. அதாவது சரக்குக்கு இந்த ஊர் இன்னும் முக்கியமாகும், மனிதர்களுக்கு இன்னும் தேவையற்றதாகும். பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் சிகாகோ வண்டி சௌத்வெஸ்ட் சீஃப் மட்டும் இன்றும் நிற்கிறது, கிழக்கே போவது இரவில், மேற்கே வருவது விடியுமுன். டிக்கெட் கவுன்டர்கூடக் கிடையாது. இரவு வண்டியை ஒரு தடவை பார்த்தோம்: வெளிச்சமான ஜன்னல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களை விலங்குக் காட்சிச்சாலை போலப் பார்த்தார்கள், நாங்களும் அப்படித்தான் பார்த்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் வேண்டாம். நாற்பது டிகிரிக்கு மேல் போகும், பெரியவர்கள் தாங்க மாட்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சுகம், ஆனால் காற்றுக்குக் குல்லா வேண்டும். பிள்ளையின் கையை விடாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், பாரம் ஏற்றிய வண்டி பிரேக் போட்டாலும் நிற்க ஒரு மைலுக்கு மேல் ஆகும். புதுமணத் தம்பதி ஒன்று தண்டவாளத்தில் நின்று படம் எடுத்ததை நானே பார்த்து, தமிழிலேயே சத்தம் போட்டிருக்கிறேன். அவர்கள் திரும்பிப் பார்த்த விதத்தில் தமிழர்கள்தான் என்று உறுதியானது.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீண்ட வார இறுதிகளுக்கு வேகஸுக்கு பஸ் ஏற்பாடு செய்கிறீர்கள். பார்ஸ்டோ நிறுத்தத்தில் 'கழிப்பறை, 15 நிமிடம்' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் 'ரயில் நிலையம், இரண்டு மணி நேரம்' என்று போடுங்கள். திரும்பி வரும்போது வைத்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஐ-15 நெரிசலில் நகராமல் கிடப்பதற்குத் தாழ்வாரத்தில் உட்காரலாம்.

விழுப்புரத்தில் அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்: தேதி, எஞ்சின் எண்ணிக்கை, பெட்டி எண்ணிக்கை, வண்டியின் கடைசியில் என்ன இருந்தது. நான் வாட்ஸப்பில் அனுப்ப அனுப்ப எழுதிக்கொள்கிறார். நீங்கள் எண்ணினாலும் கொடுங்கள், சேர்த்துக்கொள்வார்; ஆனால் கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் அனுப்பினால் ஏற்க மாட்டார்.

நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை நாங்கள் அங்கே இருப்போம். மடக்கு நாற்காலி ஆறு இருக்கிறது. புளியோதரை நான் கொண்டு வருகிறேன். சுடுநீர்க் குடுவையில் காப்பி யாராவது கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ரஞ்சோ குக்கமோங்காவிலிருந்து
ஒரு கார்டின் மகள்